இட்லி ஊறும், கொழுக்கட்டை ஊறாது: ஆயில் புஷ் எப்படித் தயாராகுது

ஃபேன், மிக்ஸி ரிப்பேர் பண்ற தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார். டேபிள் ஃபேன் புஷ், அதான் சுத்தற ஷாஃப்ட்டைத் தாங்கிப் பிடிக்கிற உலோக வளையம், தேஞ்சு போச்சாம், கடையில அந்த சைஸ் கிடைக்கலையாம், அதனால லேத்துல கன்மெட்டல்ங்கற வெங்கல வகையில கடைஞ்சு, ரெண்டு நாள் ஆயில்ல ஊறப்போட்டு மாட்டியிருக்கார், பதினஞ்சு நாள்ல ஷாஃப்ட்டோட புடிச்சுக்கிச்சு. கம்பெனி புஷ் மட்டும் எண்ணெயே விடாம வருஷக்கணக்கா ஓடுதே, அதுல அப்படி என்ன இருக்கு, அதை நாமளே செஞ்சுக்க முடியுமான்னு கேள்வி.

நான் கோயம்புத்தூர்ல சின்டர்டு புஷ், அதாவது உலோகப் பவுடரை அமுக்கி சூட்டுல ஒட்டவச்ச புஷ், போடுற ஒரு பட்டறையில இருபது வருஷத்துக்கு மேல குப்பை கொட்டினவன், ப்ரெஸ்ல ஆரம்பிச்சு ஃபர்னஸ், இன்ஸ்பெக்‌ஷன்னு எல்லா மூலையிலயும் நின்னிருக்கேன். அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமை இருந்தா படிங்க.

முதல்ல உங்க கன்மெட்டல் புஷ் ஏன் புடிச்சுக்கிச்சுன்னு பாப்போம். கன்மெட்டல் உருக்கி ஊத்தின உலோகம், உள்ள கெட்டி. கொழுக்கட்டையை சாம்பார்ல ரெண்டு நாள் போட்டாலும் மேல ஈரமாகுமே தவிர உள்ள ஒரு சொட்டு இறங்காது, இட்லியைப் போட்டா அஞ்சு நிமிஷத்துல உறிஞ்சிடும். நீங்க ஊறப்போட்டது கொழுக்கட்டையை. மேல ஒட்டியிருந்த எண்ணெய் ஓட ஆரம்பிச்ச சில மணி நேரத்துலயே போயிருக்கும், மிச்ச நாளெல்லாம் அது காய்ஞ்சுதான் ஓடியிருக்கு. கன்மெட்டல் நல்ல உலோகம்தாங்க, தப்பு சொல்லலை, ஆனா அதுக்கு வெளியில இருந்து யாராவது எண்ணெய் ஊட்டிக்கிட்டே இருக்கணும், கிரீஸ் கப்போ ஆயில் ஹோலோ வேணும்.

கம்பெனி புஷ் இட்லி ஜாதி. பார்க்க முழு உலோகம் மாதிரி இருக்கும், ஆனா அதோட கன அளவுல ஏறக்குறைய கால்வாசி வெறும் ஓட்டை, அதுவும் கண்ணுக்குத் தெரியாத சைஸ்ல, ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு வெளிச்சுவர்ல இருந்து உள்சுவர் வரைக்கும் போற ஓட்டை. ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன். வெளி விட்டம் 16 எம்எம், உள் விட்டம் 10, நீளம் 15 உள்ள ஒரு புஷ் எடுத்துக்கோங்க. கன அளவு 1.84 சிசி வரும். எண்ணெய் இல்லாம எடை போட்டா 12 கிராம் சொச்சம், அதாவது ஒரு சிசிக்கு 6.6 கிராம். இதே கலவை வெங்கலம் கெட்டியா இருந்தா 8.8 கிராம் இருக்கணும். அந்த வித்தியாசம்தான் ஓட்டை, 25 சதவீதம். அதுல சிலது உள்ளயே அடைபட்டுப் போயிருக்கும், எண்ணெய் போய்ச் சேரக்கூடியது ஒரு 22 சதவீதம்னு வைங்க. அப்போ அந்த புஷ் குடிக்கிற எண்ணெய் 0.4 சிசி. சொட்டுக் கணக்குல எட்டு, பத்து சொட்டு, அவ்வளவுதான். அந்தப் பத்து சொட்டுதான் உங்க ஃபேனை அத்தனை வருஷம் ஓட்டினது.

பத்து சொட்டு எப்படிப் போதும்னா, அது செலவாகுறதில்ல, போயிட்டுப் போயிட்டு வருது. ஷாஃப்ட் சுத்த ஆரம்பிச்சா உராய்வுல கொஞ்சம் சூடு ஏறும். எண்ணெய் சூட்டுல விரியிற அளவு வெங்கலம் விரியறதைப் போல பத்து மடங்குக்கு மேல, அதனால இடம் பத்தாம ஓட்டைக்குள்ள இருந்து வெளிய கசியும். 40 டிகிரி ஏறினா மேல சொன்ன புஷ்ல இருந்து 0.01 சிசி வெளிய வரும், கேக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருந்தாலும் ஷாஃப்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல இருக்கிற சந்தை நிரப்ப அதுவே தாராளம். அதோட ஷாஃப்ட் சுத்தும்போது ஒரு பக்கம் எண்ணெய் நெருக்கப்படும், எதிர்ப்பக்கம் இழுவை உண்டாகும், இழுவை இருக்கிற பக்கத்துல ஓட்டையில இருந்து எண்ணெய் வெளிய வரும், அமுக்கம் இருக்கிற பக்கம் திரும்ப ஓட்டைக்குள்ள போகும், இப்படி ஒரு சுத்து நடந்துக்கிட்டே இருக்கும். ஃபேனை நிறுத்தி ஆறினதும், விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற அதே வித்தையில, சின்ன ஓட்டைகள் எண்ணெயைத் திரும்ப உள்ள இழுத்துக்கும். காலையில சுவிட்ச் போட்டா மறுபடி முதல்ல இருந்து.

இதுல ஒரு குறையும் இருக்கு, அதையும் சொல்லணும். அமுக்கம் இருக்கிற இடத்துல எண்ணெய் சுவருக்குள்ள நழுவிப் போயிடறதால, ஷாஃப்ட்டை முழுசா தூக்கி நிறுத்துற கெட்டியான எண்ணெய்ப் படலம் இதுல அமையறது கஷ்டம். பாதி எண்ணெய் தாங்கும், பாதி உலோகமே உலோகத்து மேல உரசும். அதனாலதான் கார் இஞ்சின் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு யாரும் இதைப் போடறதில்ல, அங்க கெட்டி பேரிங்கும் எண்ணெய் பம்ப்பும்தான்.

யோசனை பழசு. அமெரிக்காவுல ஜெனரல் எலக்ட்ரிக்ல இருந்த கில்சன்ங்கறவர் 1916 வாக்குலயே கிராஃபைட் கலந்த வெங்கலப் பவுடர் பேரிங்குக்கு பேடன்ட் வாங்கப் போயிட்டார். அதுக்கப்புறம் கார் கம்பெனிங்க புடிச்சுக்கிட்டாங்க, கிறைஸ்லர் 1930-கள்ல ஆயிலைட்னு பேர் வச்சு வித்ததுல அந்தப் பேரே நிலைச்சுப் போச்சு, இன்னைக்கும் பழைய ஃபிட்டருங்க யார் போட்ட புஷ்ஷா இருந்தாலும் ஆயிலைட் புஷ்னுதான் சொல்வாங்க.

சரி, தயாரிப்புக்கு வருவோம். பவுடர்ல இருந்து ஆரம்பிக்குது. வழக்கமான கலவை காப்பர் 90, டின் 10, இதுல சில பேர் கொஞ்சம் கிராஃபைட்டும் போடுவாங்க. ரெண்டையும் உருக்கிக் கலக்கிறதில்ல, தனித்தனி பவுடரா வாங்கி, கூட முக்கால் சதவீதம் போல ஜிங்க் ஸ்டியரேட் சேர்த்து, ரெண்டு கூம்பு ஒட்டின மாதிரி இருக்கிற பிளெண்டர்ல அரை மணி நேரம் உருட்டுவோம். அந்த ஸ்டியரேட் மாவு மாதிரி வழவழன்னு இருக்கும், அது இல்லாட்டி அச்சுல அழுத்தின புஷ் டையை விட்டு வெளிய வராது, வந்தாலும் கீறிக்கிட்டு வரும். பிளெண்டரை ரொம்ப நேரம் ஓட்டினா நல்லா கலக்கும்னு நினைப்பாங்க, தப்பு, காப்பர் துகள்களோட முள் மாதிரி இருக்கிற ஓரமெல்லாம் மழுங்கிடும், ஸ்டியரேட் எல்லாத்து மேலயும் பூசிக்கும், பவுடரோட அடர்த்தி மாறிப் போகும், அப்புறம் ப்ரெஸ்ல வெயிட்டே நிக்காது. பவுடர் வந்ததும் ரெண்டு டெஸ்ட் கண்டிப்பா பாக்கணும். ஒண்ணு, 50 கிராம் பவுடர் ஒரு சின்னப் புனல் வழியா எத்தனை செகண்ட்ல கொட்டுது. இன்னொண்ணு, தட்டாம அமுக்காம ஒரு கிண்ணத்துல விழுந்த பவுடரோட அடர்த்தி. இந்த ரெண்டும் பேட்சுக்கு பேட்ச் ஒரே மாதிரி இருந்தா ப்ரெஸ் ஆபரேட்டர் நிம்மதியா டீ குடிக்கப் போகலாம்.

ப்ரெஸ்ல நடக்கிறது நம்ம வீட்ல குழாப்புட்டு மாவை அமுக்குற மாதிரிதான், இன்னும் கொஞ்சம் கறாரா. கார்பைட்ல செஞ்ச டை, அதாவது அச்சு, நடுவுல உள் ஓட்டைக்காக கோர் ராடுங்கற கம்பி, அமுக்கறதுக்கு கீழ ஒரு பஞ்ச், மேல ஒரு பஞ்ச். ஃபீட் ஷூங்கற பவுடர் பெட்டி முன்னாடி வந்து பவுடரைக் கொட்டி, பின்னாடி போகும்போது மட்டமா வழிச்சுட்டுப் போகும், ரெண்டு பஞ்சும் ரெண்டு பக்கத்துல இருந்தும் அமுக்கும், அப்புறம் கீழ் பஞ்ச் மேல தள்ளும், அடுத்த ஷூ வரும்போது ரெடியான பீஸைத் தள்ளிவிடும். நிமிஷத்துக்கு இருபது பீஸ் சாதாரணமா வரும். 15 எம்எம் நீளத்துக்கு பவுடரை 35 எம்எம் போல நிரப்பணும், ஏன்னா அமுக்கினா ரெண்டே கால் மடங்கு இறங்கும். அழுத்தம் 200 மெகாபாஸ்கல்னு வச்சுக்கிட்டா நம்ம 16க்கு 10 புஷ்ஷுக்கு ரெண்டரை டன் போதும். கேக்கறவங்க எல்லாம் பெரிய ப்ரெஸ் வேணுமேன்னு பயப்படுவாங்க, இந்த சைஸுக்கு வேண்டாம். டூல்லதான் காசு.

ஏன் ரெண்டு பக்கம் இருந்து அமுக்கணும்னா, பவுடர் தண்ணி இல்ல. மேல இருந்து மட்டும் அமுக்கினா டை சுவர்ல உரசி பலம் குறைஞ்சுக்கிட்டே போகும், மேல் பக்கம் கெட்டி, அடிப்பக்கம் பொலபொலன்னு இருக்கும். ரெண்டு பக்கம் அமுக்கினாலும் நடு வயித்துல ஒரு இடம் கொஞ்சம் இளகலாத்தான் இருக்கும். சுவர் மெல்லிசா, நீளம் அதிகமா ஒரு புஷ் வரைஞ்சு எடுத்துக்கிட்டு வருவாங்க பாருங்க டிசைன்காரங்க, அவங்களோட சண்டை போட்டே எனக்கு முடி நரைச்சது. நீளமா வேணும்னா ரெண்டு சின்ன புஷ்ஷா ரெண்டு முனையில போடுங்க, நடுவுல இடைவெளி விடுங்கன்னு சொல்வேன், அதுதான் ஷாஃப்ட்டுக்கும் நல்லது.

அச்சுல இருந்து வந்த பீஸை நாங்க பச்சைன்னு சொல்வோம். கையில எடுக்கலாம், ஆனா கீழ போட்டா விளிம்பு உதிரும், ரெண்டு விரல்ல அழுத்தி ஒடிக்கலாம். அதுக்கு பலம் வர்றது ஃபர்னஸ்ல.

இந்தத் தொழிலோட உயிர் ஃபர்னஸ்லதாங்க இருக்கு. கம்பி வலை பெல்ட் மெதுவா ஊர்ந்து போகும், அது மேல பச்சை பீஸ்கள் அடுக்கி. முதல் பகுதியில 450, 500 டிகிரி வாக்குல அந்த ஸ்டியரேட் எல்லாம் புகைஞ்சு போயிடும், இதை அவசரப்படுத்தினா பீஸ் கொப்புளிக்கும், கரி படியும். அதுக்கு முன்னாடியே 232 டிகிரியில டின் உருகிடும். உருகின டின் பக்கத்துல இருக்கிற காப்பர் துகள்களுக்கு நடுவுல ஓடிப் போய் மேல படர்ந்து கரைய ஆரம்பிக்கும். அது முன்னாடி உக்காந்திருந்த இடம் காலி ஆயிடும், அந்தக் காலி இடம்தான் நமக்கு வேணுங்கற பெரிய ஓட்டை! பீஸும் அப்போ சுருங்கறதுக்குப் பதிலா லேசா உப்பும். அப்புறம் 820 டிகிரி வாக்குல கால் மணி, இருபது நிமிஷம். காப்பர் 1,085 டிகிரியிலதான் உருகும், அதனால உருவம் அப்படியே நிக்கும், துகள் தொட்டுக்கிட்டு இருக்கிற இடங்கள்ல மட்டும் ஒண்ணோட ஒண்ணு கழுத்துப் போட்டு ஒட்டிக்கும், டின் முழுக்கக் கரைஞ்சு எல்லாம் ஒரே வெங்கலமா ஆயிடும்.

இந்த இடத்துல நிறுத்தத் தெரியணும். சாதம் வடிக்கிற மாதிரி, வெந்திருக்கணும், குழையக் கூடாது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டா கழுத்து தடிச்சுக்கிட்டே போகும், ஓட்டைங்க சுருங்கி ஒண்ணுக்கொண்ணு இருந்த வழி அடைச்சு, தனித்தனி குமிழா போயிடும். ஒருதரம் எங்க ஷிப்ட்ல ஒருத்தர் நல்லா வேகட்டும்னு பெல்ட் ஸ்பீடைக் குறைச்சு, டெம்பரேச்சரையும் கொஞ்சம் ஏத்தி விட்டுட்டார். மறுநாள் காலையில வந்து பாத்தா பீஸ் எல்லாம் பளபளன்னு தங்கம் மாதிரி, அமுக்கி உடைக்கிற டெஸ்ட்ல எப்பவும் இல்லாத பலம், எல்லாருக்கும் சந்தோஷம். எண்ணெய் ஏத்திப் பாத்தா 12 சதவீதம்தான் ஏறுது, குறைஞ்சது 18 வேணும். மொத்த லாட்டும் ஸ்கிராப். பலமான புஷ்ஷுக்கும் நல்ல புஷ்ஷுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு மண்டையில ஏறினது அன்னைக்குத்தான், ஏன்னா நாங்க விக்கிறது ஓட்டையைத்தாங்க, காப்பர் அந்த ஓட்டைக்கு வெறும் பாத்திரம்.

ஃபர்னஸுக்குள்ள காத்து இருக்கக் கூடாது, இருந்தா எல்லாம் கருத்துப் போகும். அதனால அம்மோனியாவை 900 டிகிரியில உடைச்சு, ஹைட்ரஜன் முக்கால் நைட்ரஜன் கால்னு வர்ற கேஸை உள்ள ஓட விடுவாங்க, வாசல்ல எப்பவும் ஒரு தீ எரிஞ்சுக்கிட்டே இருக்கும். ஆறுற பகுதியில தண்ணி ஜாக்கெட். வெளிய வர்ற வாசல்ல இருக்கிற திரை கிழிஞ்சாலே போதும், காத்து பின்வழியா உள்ள ஏறி, உள்ள நல்லா வெந்த பீஸ் கூட வெளிய வரும்போது ஊதாவும் பழுப்புமா மயில் கழுத்து மாதிரி வரும். தம்பி, இதை நாமளே செய்யலாமான்னு கேட்டீங்களே, இங்கதான் நான் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம்னு சொல்வேன். ஹைட்ரஜனும் காத்தும் ஒரு மூடின பெட்டிக்குள்ள சேர்ந்தா வெடிக்கும், ஃபர்னஸைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் நைட்ரஜன் விட்டு முழுசா கழுவி எடுத்துட்டுத்தான் அடுத்த வேலை. காலிப் பெயிண்ட் டப்பாவுல அடுப்பு கட்டி, வீடியோ பாத்து செய்யுற சமாச்சாரம் கிடையாது.

ஃபர்னஸ்ல இருந்து வந்த பீஸ் சைஸ் துல்லியமா இருக்காது, கொஞ்சம் உப்பியிருக்கும், கொஞ்சம் கோணியிருக்கும். அதை இன்னொரு டையில போட்டு, சாணை பிடிச்ச கோர் ராடை உள்ள விட்டு, மறுபடி ஒரு அமுக்கு. இதுக்குப் பேர் சைசிங். உள் விட்டம் இருபது மைக்ரானுக்குள்ள (மைக்ரான்னா ஒரு எம்எம்ல ஆயிரத்துல ஒரு பங்கு) வந்து நிக்கிறது இதுலதான், போர், அதாவது ஷாஃப்ட் நுழையற உள் ஓட்டை, கண்ணாடி மாதிரி வழவழப்பாகறதும் இதுலதான். இங்கயும் அதே கதைதான், ஆசைப்பட்டு ஜாஸ்தி அமுக்கினா உள்சுவர்ல இருக்கிற ஓட்டை வாயெல்லாம் மூடிப்போகும். அளவா அமுக்கணும்.

கடைசியா எண்ணெய். சும்மா முக்கி வச்சா உள்ள இருக்கிற காத்து வெளிய வராது, காத்து வராம எண்ணெய் போகாது, குறுகின வாய் பாட்டில்ல தண்ணி நிரப்பற மாதிரி. அதனால மூடின தொட்டியில புஷ்ஷைப் போட்டு, வாக்குவம் பம்ப் வச்சு காத்தை உறிஞ்சி எடுத்துட்டு, 70 டிகிரி வாக்குல சூடு பண்ணின எண்ணெயை உள்ள விடுவாங்க, அப்புறம் வாக்குவத்தைத் திறந்து விட்டா வெளிக்காத்தே எண்ணெயை ஓட்டைக்குள்ள தள்ளிக் குடுத்துடும். பத்து, பதினஞ்சு நிமிஷ வேலை. வாக்குவம் இல்லாதவங்க சூடான எண்ணெய்ல மணிக்கணக்கா போட்டு வச்சு, அதுலயே ஆற விடுவாங்க, அதுவும் ஓரளவு வேலை செய்யும், ஆறும்போது உள்ள இருக்கிற காத்து சுருங்கி எண்ணெயை இழுக்கும். எண்ணெய் பொதுவா ஐஎஸ்ஓ விஜி 68 ரகம் (அந்த நம்பர் எண்ணெயோட தடிப்பைச் சொல்றது), டர்பைன் ஆயில் மாதிரி சுத்தமானது. இஞ்சின் ஆயில் வேண்டாம், அதுல அழுக்கைப் பிரிக்கிற மருந்தெல்லாம் கலந்திருக்கும். கிரீஸ் வேண்டவே வேண்டாம், அதுல இருக்கிற சோப்பு ஓட்டை வாயை அடைச்சுடும்.

எவ்வளவு ஏறிச்சுன்னு பாக்கறதுக்கு ஒரு நல்ல தராசு இருந்தாப் போதும். எண்ணெய் ஏத்தறதுக்கு முன்னாடி எடை, ஏத்தின பிறகு எடை, அப்புறம் ஏத்தின பீஸை ஒரு கம்பியில கட்டி தண்ணிக்குள்ள தொங்கவிட்டு எடை. காத்துல உள்ள எடைக்கும் தண்ணியில உள்ள எடைக்கும் வித்தியாசம்தான் கன அளவு. கூடின எடையை எண்ணெயோட அடர்த்தியால வகுத்தா எண்ணெயோட கன அளவு. ஒண்ணை ஒண்ணால வகுத்துக்கோங்க. நம்ம உதாரண புஷ்ல கூடற எடை 0.35 கிராம்தான், அதனால மளிகைக் கடைத் தராசு உதவாது.

இனி உங்களுக்கு நேரடியா வேணுங்கற விஷயம், புஷ்ஷை எப்படிக் கெடுக்கறதுன்னு. எங்களுக்குத் திரும்பி வந்த கம்ப்ளெய்ண்ட்ல பெரும்பாலானது தயாரிப்புத் தப்பு இல்ல, மாட்டும்போது பண்ற தப்பு. சுத்தியால அடிச்சு ஏத்தி, போர் சுருங்கிப் போய் ஷாஃப்ட் நுழையல, உடனே ஓட்டையைப் பெருசாக்கற ரீமரை விட்டுத் துடைச்சுடுவாங்க. மழுங்கின ரீமர் உலோகத்தை வெட்டாது, இழுத்துப் பூசும், சுவத்துல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஓட்டை எல்லாம் மூடிடும். ஒரு பம்ப் கம்பெனியில இருந்து இருநூறு பீஸ் திரும்பி வந்துச்சு, எல்லாம் ஜாம், உங்க புஷ்தான் மட்டம்னு ஒரே சத்தம். லென்ஸ் வச்சுப் பாத்தா உள்சுவர் முழுக்க மெழுகின திண்ணை மாதிரி ஒரு ஓட்டை இல்ல. எமரி தாள் போட்டாங்கன்னா இன்னும் மோசம், மண் துகள் ஓட்டைக்குள்ள போய் உக்காந்துக்கிட்டு ஷாஃப்ட்டை அரத்தால ராவுற மாதிரி ராவும். கண்டிப்பா கடைஞ்சே ஆகணும்னா கூர்மையான கார்பைட் டூல், சின்னச் சின்ன கட், கூலன்ட் கிடையாது, முடிச்சதும் கழுவி மறுபடி எண்ணெய் ஏத்தணும்.

சரியா மாட்டறது ரொம்ப சுலபம். ஷாஃப்ட் சைஸுக்கு வேணுங்கற சந்து அளவு கூடுதலா, ஒரு படி வச்ச மேண்ட்ரல்ங்கற உருளைக் கம்பி கடைஞ்சு சாணை பிடிச்சு வச்சுக்கோங்க, புஷ்ஷை அதுல கோத்து, வைஸ்லயோ ஹேண்ட் ப்ரெஸ்லயோ நேரா அமுக்கி ஹவுசிங்ல, அதாவது புஷ் உக்கார்ற கூட்டுல, ஏத்துங்க. ஹவுசிங் நெருக்கினாலும் போர் மேண்ட்ரல் அளவுல வந்து நிக்கும், மேண்ட்ரலை உருவினா முடிஞ்சுது. 10 எம்எம் ஷாஃப்ட்டுக்கு பத்துல இருந்து இருபத்தஞ்சு மைக்ரான் சந்து நல்லது. ஷாஃப்ட் கீறல் விழுந்திருந்தா புது புஷ் போட்டுப் பிரயோஜனமில்ல, அதை முதல்ல பாருங்க.

அப்புறம் நம்ம மெக்கானிக்குங்க ஒரு வேலை பண்ணுவாங்க, புது புஷ்ஷை பெட்ரோல்லயும் தின்னர்லயும் போட்டு சுத்தமா கழுவுவாங்க. உள்ள இருக்கிற பத்து சொட்டும் கரைஞ்சு போயிடும், அப்புறம் அது வெறும் காய்ஞ்ச இட்லி. நியூஸ் பேப்பர்ல சுத்தி மாசக்கணக்கா அலமாரியில வைக்கிறதும் அதே மாதிரி, தாள் எண்ணெயைக் குடிச்சிடும், பிளாஸ்டிக் கவர்தான் சரி. வீட்ல இருக்கிறவங்க ஃபேனுக்குத் தேங்காயெண்ணெய் விடறதும் உண்டு, ஒரு வாரம் ஜம்முனு ஓடும், மார்கழிக் காலையில உறைஞ்சு, நாளாக நாளாக தூசியோட சேர்ந்து பிசுக்கா ஒட்டிக்கும். ஃபேன் மோட்டார்ல புஷ்ஷைச் சுத்தி ஒரு கம்பளி வளையம் இருக்கும் பாருங்க, எண்ணெய் விடறதா இருந்தா அதுல நாலு சொட்டு நல்ல மெஷின் ஆயில் விடுங்க, அது புஷ்ஷோட சேமிப்புத் தொட்டி, வெளிச்சுவர் வழியா மெதுவா ஊட்டிக்கும். அந்த வளையத்தைக் குப்பைன்னு நினைச்சு தூக்கிப் போட்டுட்டு மோட்டாரை மூடினவங்க நிறையப் பேர்.

எந்த இடத்துக்கு இது தாங்கும்னு பாக்க ஒரு கணக்கு உண்டு, பிவின்னு சொல்வாங்க. ஷாஃப்ட் மேல வர்ற பாரத்தை உள் விட்டம் பெருக்கல் நீளத்தால வகுத்தா அழுத்தம், அதை ஷாஃப்ட் மேற்பரப்போட வேகத்தால பெருக்கினா பிவி. வெங்கல ஆயில் புஷ்ஷுக்கு அழுத்தம் 14 மெகாபாஸ்கல் வரை, வேகம் வினாடிக்கு 6 மீட்டர் வரை, ஆனா ரெண்டையும் பெருக்கினது 1.75-ஐத் தாண்டக் கூடாது. டேபிள் ஃபேன்ல 10 எம்எம் ஷாஃப்ட் 1,300 சுத்து, ரெண்டு கிலோ பாரம்னு போட்டா 0.09 தான் வரும், வரம்புல ஏறக்குறைய இருபதுல ஒரு பங்குதான். அதனாலதான் அது தாத்தா காலத்து ஃபேனா ஓடுது. மிக்ஸி வேற கதை, 8 எம்எம் ஷாஃப்ட் 18,000 சுத்து சுத்தினா வேகம் மட்டுமே 7.5 மீட்டர், வரம்பைத் தாண்டிடுது. பாரம் கம்மியா இருக்கறதாலயும் விட்டு விட்டு ஓட்டறதாலயும் தாக்குப்பிடிக்குது, கல்யாண வீட்ல அரை மணி நேரம் நிறுத்தாம அரைச்சா முதல்ல காயறது இந்த புஷ்தான். சூடு 90 டிகிரியைத் தாண்டினா சாதாரண எண்ணெய் சீக்கிரம் கெட்டு கெட்டியாகிடும்.

இரும்புப் பவுடர்லயும் போடறாங்க, விலை பாதியா இருக்கும், பலம் அதிகம், மெதுவா சுத்தற இடத்துக்கு நல்லது, ஆனா தண்ணி பட்டா துரு, வேகத்துக்கு ஆகாது. வெங்கலம்னு சொல்லி பாதிக்கு மேல இரும்பு கலந்ததையும் விக்கிறாங்க, காந்தம் வச்சுப் பாத்தா தெரிஞ்சுடும், கலவை புஷ் தப்பில்ல, வெங்கல விலை வாங்கினாதான் தப்பு.

எண்ணெயே இல்லாத ஜாதியும் உண்டு. ஸ்டீல் தகடு மேல கால் எம்எம் வெங்கலத் துகளை சின்டர் பண்ணி, அந்த ஓட்டைக்குள்ள எண்ணெய்க்குப் பதிலா டெஃப்லானை அழுத்தி உருளை மாதிரி சுருட்டினது, 1950-கள்ல இங்கிலாந்துல கிளேசியர் மெட்டல் கம்பெனி கொண்டு வந்தது, இப்போ கார் கதவு கீல்ல இருந்து ஹைட்ராலிக் பம்ப் வரைக்கும் இருக்கு. அணை மதகு மாதிரி பாரம் பயங்கரமா, அசைவு மெதுவா இருக்கிற இடத்துல கெட்டி வெங்கலத்துல வரிசையா துளை போட்டு கிராஃபைட் கட்டை அடைச்ச புஷ் போடுவாங்க. நம்ம ஊர் சப்மெர்சிபிள் மோட்டார்ல இருக்கிற புஷ்ஷை இதோட குழப்பிக்காதீங்க, அங்க உள்ள இருக்கிற தண்ணியேதான் எண்ணெய் வேலை பாக்குது, ஆயில் புஷ் போட்டா எண்ணெய் தண்ணியோட போயிடும்.

இதெல்லாத்துக்கும் முன்னாடி மரமே இருந்துச்சு, அதுவும் சொல்லணும்னு ஆசை. லிக்னம் விட்டேன்னு தென் அமெரிக்கா, கரீபியன் பக்கத்து மரம், தண்ணியில போட்டா முழுகற அளவுக்கு கனம், உள்ள பிசின் மாதிரி எண்ணெய் ஊறியிருக்கும். ஜான் ஹாரிசன்னு இங்கிலாந்துல ஒரு தச்சர் 1720-கள்ல அந்த மரத்தை பேரிங்கா வச்சு எண்ணெயே விட வேண்டாத கடிகாரம் செஞ்சார். அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல நீராவிக் கப்பல்களோட ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் இந்த மரத்து மேலதான் சுத்திச்சு. நம்ம மாட்டு வண்டிக்கு வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெய்ல குழைச்சு மசை போடுவாங்கள்ல, கரியும் எண்ணெயும் சேர்ந்து வேலை பாக்கற அதே புத்திதான் கிராஃபைட் கலந்த புஷ்லயும் இருக்கு, ஆனா வண்டிக்கு அடிக்கடி போட்டுக்கிட்டே இருக்கணும்.

கடையில நல்லதா போலியான்னு பாக்க ஒரு சுலப வழி. புஷ்ஷை நல்லா துடைச்சுட்டு, லைட்டர் சூட்டை லேசா காட்டுங்க, நெருப்புல வாட்டாதீங்க. நல்ல புஷ்ஷா இருந்தா வேர்வை மாதிரி முத்து முத்தா எண்ணெய் எட்டிப் பாக்கும், ஆற விட்டா திரும்ப உள்ள போயிடும். கீழ தட்டினா கெட்டி வெங்கலம் டிங்னு மணி மாதிரி கேக்கும், இது டொக்குனு கேக்கும்.

இப்போ உங்க ஃபேனுக்கு என்ன வழின்னா, புது புஷ் தயாரிக்கிற யோசனையை விடுங்க. வெளி விட்டம், உள் விட்டம், நீளம் மூணையும் வெர்னியர்ல எடுத்துக்கோங்க. அதே உள் விட்டத்துல, வெளி விட்டம் கொஞ்சம் பெருசா இருக்கிற ஆயில் புஷ் கண்டிப்பா கிடைக்கும். போரை விட்டுட்டு வெளிப்பக்கத்தை மட்டும் கூர்மையான டூல் வச்சு காய வெட்டா கடைஞ்சுக்கலாம், வெளிச்சுவர்ல ஓட்டை கொஞ்சம் அடைச்சாலும் பாதகமில்ல. கடைஞ்சதும் தூள் போக எண்ணெய்லயே அலசி, 68 நம்பர் எண்ணெயை ஒரு சின்னப் பாத்திரத்துல கை பொறுக்காத சூட்டுக்கு, 80 டிகிரி போல, ஏத்தி, அதுல ரெண்டு மூணு மணி நேரம் வச்சு, எண்ணெயோடவே ஆற விட்டு எடுங்க. அடுப்புப் பக்கத்துல தனியா விட்டுட்டுப் போகாதீங்க. உங்க ஃபேன்ல இருக்கிறது உருண்டை புஷ்ஷா இருந்தா, கிளிப்புக்குள்ள ஆடுற மாதிரி இருக்குமே, அதைக் கடைய முடியாது, அதுக்கு அதே மாடல் பழைய மோட்டார் ஒண்ணு தேடறதுதான் வழி. கன்மெட்டல் புஷ்ஷைத் தூக்கிப் போட வேண்டாம், மேல ஒரு துளை போட்டு ஆயில் கப் வைக்க இடம் இருக்கிற மெஷின் ஏதாவது வந்தா அதுக்கு ஆகும்.